ஊசி ஓடி முடியும் இடம்

லண்டனுக்கு மேற்கே ஹேய்ஸில் வீடு எடுத்தபோது வாடகை ஒப்பந்தத்தில் 'தி ஓல்ட் வினைல் ஃபேக்டரி' என்று முகவரி இருந்தது. திருச்சிப் பக்கம் வினைல் என்றால் கட்சி பேனர்தான். பழைய பேனர் அச்சகத்தை வீடுகளாக மாற்றியிருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பக்கத்துக் கட்டடங்களுக்கு பாய்லர் ஹவுஸ், மெட்டீரியல் ஸ்டோர், கேபினட் பில்டிங் என்று பெயர். ஏன் இப்படிப் பெயர் வைத்தார்கள் என்று யாரையும் கேட்கத் தோன்றவில்லை.

மனைவி நர்ஸ். அவளுக்கு வந்த மறுவாரமே வேலை தொடங்கிவிட்டது, எனக்குக் கிடைக்க ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் குளிர்காலம். நாலு மணிக்கே இருட்டிவிடும். இரவுப் பணி முடித்து வந்து அவள் தூங்கும்போது, பாத்திரச் சத்தம்கூட கேட்கக் கூடாதே என்று நான் வெளியே கிளம்பிவிடுவேன். காசில்லாமல் கதகதப்பாக நிற்க எனக்குத் தெரிந்தது இரண்டே இடம்: ஒன்று நூலகம், இன்னொன்று சாரிட்டி கடை. வீட்டில் வேண்டாத சாமான்களை ஜனங்கள் கொடுத்துவிட்டுப் போவார்கள். கடைக்காரர்கள் அதை விற்று நல்ல காரியத்துக்குக் கொடுப்பார்கள்.

அந்தக் கடையில் தரையோடு ஒரு பெட்டி நிறைய எல்.பி. ரெக்கார்டுகள் கிடந்தன. ஒன்று ஒரு பவுண்டு. கிறிஸ்துமஸ் பாட்டும் ராணுவ பேண்டுமாகத் தள்ளிக்கொண்டே வந்தபோது ஓர் உறையின் பின்பக்கம் அடியில் பொடி எழுத்து கண்ணில் பட்டது: 'தி கிராமஃபோன் கம்பெனி லிமிடெட், ஹேய்ஸ், மிடில்செக்ஸ், இங்கிலாந்து.' நான் நின்றுகொண்டிருந்த ஊர். அந்தக் கம்பெனி பெயரும் எனக்குப் புதிதில்லை. லால்குடியில் சித்தப்பா சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார். கல்யாண வீட்டுக்குக் குழாய் ஸ்பீக்கர் கட்டப் போகும்போது ரெக்கார்டு பெட்டியை என் தலையில்தான் ஏற்றுவார். நாய் படம் போட்ட அந்தத் தட்டுகள் கல்கத்தா டம் டம் தொழிற்சாலையில் அடித்தவை. அந்த டம் டம்முக்குத் தாய்வீடு இந்த ஹேய்ஸ்! என் முகவரியில் இருந்த வினைல் பேனர் இல்லை, இந்த இசைத்தட்டுதான். 1907இல் இங்கே தொழிற்சாலை கட்டத் தொடங்கியிருக்கிறார்கள். பீட்டில்ஸ், பிங்க் ஃபிளாய்டு மாதிரி ராக் குழுக்கள் எல்லாம் என் ஜன்னலுக்கு வெளியே இருந்த மெஷின்களில்தான் தட்டாகி உலகத்துக்குப் போயிருக்கிறார்கள். கடைக்கு வெளியே வந்த பிறகும் எனக்கு நடக்கத் தோன்றவில்லை.

அன்றிலிருந்து ஹேய்ஸில் அடித்த பழைய ராக் தட்டுகளைத் தேட ஆரம்பித்தேன். முதலில் வாங்கிய பெட்டி மாடல் பிளேயர் சரிப்படவில்லை. அதில் ஊசியைத் தாங்கும் கை கனம், தட்டின் வரியைத் தேய்த்துவிடும் என்று மாடிவீட்டுப் பெரியவர்தான் சொன்னார். பதினேழு வயதில் இதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர் அவர். அவரே அலைந்து, ஊசியின் பாரத்தை நாமே அளந்து வைக்கிற மாதிரி ஒரு பழைய டர்ன்டேபிள் பிடித்துக் கொடுத்தார். ரேடியேட்டர் பக்கத்தில் சாய்த்து வைத்த ஒரு நல்ல தட்டு அப்பளம் மாதிரி நெளிந்து போனதும் அந்தக் குளிர்காலத்தில்தான். இப்போது எல்லாவற்றையும் அலமாரியில் நேராக நிறுத்திவைக்கிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை திறந்தவெளிச் சந்தையில் பீட்டில்ஸின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' கிடைத்தது. 1967இல் வந்த மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் எல்லா ஒலியும் ஒன்றாக வரும் பதிப்பு. முதல் பதிப்போடு வந்த சிவப்பு உள்ளுறையும் இல்லை, வெட்டி விளையாடும் அட்டையும் இல்லை. உறை மூலையில் யாரோ பால்பாயிண்ட் பேனாவால் பெயர் எழுதியிருந்தார்கள். பன்னிரண்டு பவுண்டு. ரூபாயில் பெருக்கிப் பார்த்துவிட்டு ஒரு சுற்று சுற்றி வந்து, அப்புறம்தான் வாங்கினேன்.

இரண்டாம் பக்கத்தின் கடைசிப் பாட்டு பெரிய பியானோ ஒலியோடு முடிகிறது. அந்த ஒலி அடங்க முக்கால் நிமிடம் ஆகிறது. சரி, முடிந்தது என்று எழப்போனேன். திடீரென்று சிரிப்பும் உளறலுமாக ஒரு குரல். நிற்கவே இல்லை, அதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது. தட்டு வெட்டுப்பட்டிருக்கிறது, ஏமாந்துவிட்டேன் என்று நெஞ்சு அடைத்தது. பெரியவரைக் கூப்பிட்டேன். அவர் கேட்டுவிட்டு, அது பழுதில்லை, வேண்டுமென்றே வைத்தது என்றார். ஊசி வந்து சுற்றி நிற்கும் கடைசி வட்டத்தில், இங்கே அடித்த தட்டுகளில் அந்தக் குரலைச் செதுக்கியிருக்கிறார்கள். தானாகத் தூக்கிக்கொள்ளும் பிளேயரில் ஒரு நொடி கேட்டு நின்றுவிடும். என்னுடையதில் கையால் எடுக்கும்வரை ஓடும்.

பிறகு அவர் தட்டை விளக்கடியில் சாய்த்துப் பிடித்தார். லேபிளைச் சுற்றியுள்ள வழவழப்பான இடத்தில், மணிக்கூண்டில் ஆறு மணி இருக்கும் பக்கம் 'எக்ஸ்.இ.எக்ஸ். 638-1'. அது பாட்டு வெட்டிய மூலத்தின் எண். ஒன்பது மணிப் பக்கம் ஓர் எண். மூலத்திலிருந்து எடுக்கும் உலோகப் பிரதிக்கு 'மதர்' என்று பெயர், அந்த எண் அதைக் குறிக்கும். மூன்று மணிப் பக்கம், குண்டூசியால் குத்தியதுபோல் இரண்டு எழுத்து: ஆர், எம். மதரிலிருந்து பிறந்து, தட்டை அச்சடிக்கும் ஸ்டாம்பரின் அடையாளம் அது. கிராமஃபோன் லிமிடெட் என்பதன் ஆங்கிலச் சுருக்கத்தில் பத்து எழுத்து. ஜி என்றால் 1, ஆர் 2, ஏ 3, எம் 4... பத்தாவது எழுத்து சைபர். ஆகவே என்னுடையது 24ஆம் ஸ்டாம்பர். நம்மூர் ஜவுளிக்கடையில் கொள்முதல் விலையை ஒரு சொல்லுக்குள் ஒளித்து எழுதுவார்களே, அதே வித்தைதான். எண் சின்னதாக இருந்தால் சேகரிப்பவர்களிடம் விலை ஏறும். எனக்கு அந்தக் கணக்கு பெரிதில்லை. பிரிக்காமல் பூட்டிவைத்த தட்டைவிட, யாரோ ஆசையாகப் போட்டுக் கேட்டுத் தேய்ந்த தட்டுதான் எனக்கு உசத்தி.

இந்தத் தட்டை மோனோவில்தான் கேட்க வேண்டும் என்பேன். பதிவு செய்த குரலையும் வாத்தியங்களையும் சேர்க்கும் மோனோ கலவை முடியும்வரை பீட்டில்ஸ் கூடவே இருந்து பார்த்துக்கொண்டார்கள். இடம் வலம் என்று ஒலியைப் பிரிக்கும் ஸ்டீரியோ கலவைக்கு அவர்கள் இல்லை.

அன்றைக்கே சித்தப்பாவுக்கு வீடியோ கால் போட்டேன். அவருக்கு இங்கிலீஷ் பாட்டில் ஈடுபாடு கிடையாது. பாட்டைப் போடாமல் ஊசியை அந்தக் கடைசி வட்டத்தில் இறக்கி, மனைவி எழுந்துவிடாமல் சத்தத்தைக் குறைத்து, போனை ஸ்பீக்கர் அருகே பிடித்தேன்.

"என்னடா இது, ஊசி மாட்டிக்கிச்சா?"

"இல்ல சித்தப்பா, இப்படியேதான் அடிச்சிருக்காங்க. நம்ம வீட்டு வாசல்லதான்."

கொஞ்ச நேரம் அவர் ஒன்றும் பேசவில்லை. ஊசியை எடுக்கக் கையைக் கொண்டு போனேன்.

"எடுக்காதடா, இன்னும் கொஞ்சம் ஓடட்டும்" என்றார்.