திரையில் புள்ளி, தோளில் கண்

உடலின் ஒரு பக்கத்தை மட்டும் பாதிக்கும் பெருமூளை வாதம் உள்ள பிள்ளைகளுக்குக் கையில் வலு குறைவு என்பது பாதிப் பிரச்சினைதான். அந்தக் கை இருப்பதையே அவர்கள் மறந்துபோகிறார்கள். நல்ல கை எல்லா வேலையையும் முந்திச் செய்துவிடும். மற்றது முழங்கையில் மடங்கி, விரல்கள் மூடி, உடம்போடு ஒட்டிக் கிடக்கும். அதை வேலைக்குப் பழக்க ஒரே அசைவை நூற்றுக்கணக்கான முறை செய்ய வேண்டும். மணிகளை எடுத்துக் கிண்ணத்தில் போடு என்று ஐந்து வயதுப் பிள்ளையிடம் எத்தனை தடவைதான் சொல்வது?

சிங்கப்பூரில் பிள்ளைகளுக்கான ஆக்குபேஷனல் தெரபிஸ்டாக, அதாவது அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் சிகிச்சையாளராக, வேலை செய்யும் எனக்கு, அசைவை வைத்து ஆடும் வீடியோ கேம்கள் பெரிய துணை. நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு மற்றக் கையைப் பழக்கும் முறை ஒன்று உண்டு. அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாபின் ஆய்வுகளிலிருந்து வளர்ந்தது. பலன் தரும், ஆனால் பிள்ளைகள் அழுவார்கள். அதே பிள்ளை, திரையில் பறக்கும் பழத்தை வெட்ட யாரும் சொல்லாமலே கையைத் தோளுக்கு மேல் தூக்கும். 2010இல் வந்த கினெக்ட், ஆடுபவரின் உடல் அசைவைக் கேமராவால் பார்க்கும் மைக்ரோசாப்ட் கருவி. அதில் எதையும் கையில் பிடிக்கத் தேவையில்லை. விரல் மடங்கிய பிள்ளைகளுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று பக்கத்தில் நின்று பார்த்தால்தான் புரியும்.

ஆனால் இந்தக் கருவிகளுக்கு ஆட்டத்தின் புள்ளிதான் தெரியும், கை தெரியாது. 2006இல் வந்த நின்டெண்டோவின் வீ ஆட்டக் கருவிக்குக் கையில் பிடிக்கும் ரிமோட் உண்டு. அது வேகமாற்றத்தைத்தான் உணரும். முழுக் கையையும் வீசாமல் மணிக்கட்டைச் சட்டென்று உதறினாலும் பல ஆட்டங்களில் ஜெயிக்கலாம். பிள்ளைகள் இதைச் சீக்கிரமே கண்டுபிடித்துவிடுவார்கள். கினெக்ட் தோள், முழங்கை, மணிக்கட்டைப் பார்க்கும். முன்கை திரும்புகிறதா, விரல் விரிகிறதா என்பதை அது சரியாகப் பிடிக்காது. பிள்ளை உடம்பையே சாய்த்து, தோளைக் காதுவரை தூக்கி எட்டினாலும் புள்ளி ஏறும். அந்தத் தவறான அசைவு ஆட்டத்துக்கு ஆட்டம் பழகிப்போகும் என்பதுதான் என் கவலை. அதனால் முதுகு சாயாத இருக்கையில் உட்கார வைக்கிறேன். தோள் ஏறினால் அந்த அடி செல்லாது என்பது என் விதி. அண்ணனோ அக்காவோ நடுவராக இருந்தால் பிள்ளைகள் மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொள்வார்கள்.

தமிழ்க் குடும்பங்களில் இன்னொரு விஷயமும் வரும். வலது பக்கம் பாதித்த பிள்ளை இடது கையால் சாப்பிடும். "சோத்துக் கையால சாப்பிட வச்சிடுங்க மிஸ்" என்று பாட்டிகள் கேட்பார்கள். அவர்கள் கேட்பது சின்ன வேலை இல்லை. சோற்றை விரலால் கூட்டி, உள்ளங்கையை வாய்ப்பக்கம் திருப்பி, கட்டைவிரலால் தள்ள வேண்டும். பழம் வெட்டும் ஆட்டம் இதில் ஒன்றையும் கற்றுத்தராது. அதனால் ஆட்டம் முடிந்து கையின் இறுக்கம் தளர்ந்திருக்கும்போதே, இரண்டு கையாலும் புரோட்டாவைப் பிய்ப்பது, சட்டைப் பொத்தானைப் போடுவது என்று நிஜ வேலைக்குப் போய்விடுவோம். ஒரு கை பிடிக்க, மறு கை பிய்க்க. அப்புறம்தான் உருண்டை பிடிப்பது.

வீட்டுக்கும் ஒன்று வாங்கிவிடலாமா என்று பெற்றோர் கேட்பார்கள். கினெக்ட் தயாரிப்பை மைக்ரோசாப்ட் 2017லேயே நிறுத்திவிட்டது. பழையது கிடைத்தாலும் ஒருவர் ஆடவே திரையிலிருந்து ஆறடி தள்ளி நிற்க வேண்டும். வீவக எனும் அரசு அடுக்குமாடி வீட்டில் சோபாவைத் தள்ளி வைத்தால்தான் அந்த இடம் கிடைக்கும். சரி, எந்தக் கருவியாக இருந்தாலும் யார் கூட இருப்பார்கள் என்றுதான் முதலில் கேட்பேன். பெரும்பாலும் பாட்டிதான். அவருக்கு ஆட்டம் தெரிய வேண்டியதில்லை. திரையைப் பார்க்காமல் பேரனின் தோளைப் பார்க்கப் பழக்கிவிடுகிறேன். தோள் ஏறினதும் "கீழ இறக்கு கண்ணா" என்பார். என் குரலைவிட அவர் குரலுக்குத்தான் அந்தத் தோள் சட்டென்று இறங்கும்.