பெரம்பூர் மொட்டை மாடியில் பிளாக் சப்பாத்

பிளாக் சப்பாத் என்ற இங்கிலாந்து ராக் குழுவைப் பற்றி மலருக்கு எழுதச் சொன்னதும் என் பெஞ்சுத் தோழன் வீட்டு மொட்டை மாடிதான் கண் முன்னால் வந்தது. 1986, பிளஸ் ஒன். அவன் எதிர்வீட்டில் ரயில்வேயில் வேலை பார்த்த ஆங்கிலோ இந்திய அங்கிள் ஒருவர் இருந்தார். அந்தக் கிறிஸ்துமஸுக்கு கேக்கோடு ஒரு கேசட்டும் கொடுத்தனுப்பினார். பிளாக் சப்பாத்தின் முதல் ஆல்பம்.

முதலில் மழைச் சத்தம், தூரத்தில் மணியோசை. பிறகு கிதாரில் மூன்றே சுரம், திரும்பத் திரும்ப. துணி காயப்போட வந்த அவன் அக்கா வாளியைக் கீழே வைத்துவிட்டு நின்றாள். பாட்டு கிளாஸ் போகிறவள். "கீழ் ச, மேல் ச, அப்புறம் பிரதி மத்யமம், பஞ்சமத்தை ஒட்டிக் கீழே இருக்கிற ம. பஞ்சமத்துக்குப் போகாம அங்கேயே நிக்குதுடா, அதான் வயித்தைக் கலக்குது" என்றாள். அந்தப் பாட்டைப் பற்றி எத்தனையோ படித்துவிட்டேன். அக்கா சொன்னதற்கு மேல் யாரும் சொல்லவில்லை.

பர்மிங்காமில் ஆஸ்டன் என்ற தொழிற்சாலைப் பகுதிப் பையன்கள் நால்வர் 1968ல் சேர்ந்த குழு அது. பாட்டுக்கு ஓஸி ஆஸ்பர்ன், கிதாருக்கு டோனி அயோமி, பேஸ் கிதாருக்கு கீஸர் பட்லர், டிரம்ஸுக்கு பில் வார்டு. பாடல் வரிகளில் பெரும்பாலானவை கீஸர் எழுதியவை. ஓஸி அதற்கு முன் கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தவர். பிளாக் சப்பாத் ஆவதற்கு முன் 'எர்த்' என்ற பெயரில் வாசித்தார்கள். 1969 அக்டோபரில் ஒரே நாளில் பதிவுசெய்த அந்த முதல் ஆல்பம் 1970 பிப்ரவரி 13, வெள்ளிக்கிழமை வெளியானது. ஹெவி மெட்டல் என்கிற கனத்த ராக் இசை அங்கேதான் பிறந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

அயோமியின் கதையை அங்கிள்தான் சொன்னார். பதினேழு வயதில் தகடு வெட்டும் தொழிற்சாலையில் கடைசி நாள் வேலை. பிரஸ் மெஷின் ஓட்டுகிற ஆள் வராததால் இவரை உட்கார வைத்தார்கள். வலது கையில் நடுவிரல், மோதிர விரல் நுனிகள் போய்விட்டன. இடது கைக்காரர் என்பதால் தந்தியை அழுத்துகிற கையே அந்த வலது கைதான். பிளாஸ்டிக் பாட்டிலை உருக்கித் தானே விரலுக்குத் தொப்பி செய்து, மேலே தோல் ஒட்டிக்கொண்டு வாசித்தார். மெல்லிய தந்தி போட்டார். 1971ல் வந்த மூன்றாவது ஆல்பத்தில் பல பாட்டுகளுக்குத் தந்தியை மூன்று அரைச் சுரம் இறக்கியும் கட்டினார். அந்தக் கனத்த நாதம் அப்படி வந்ததுதான்.

என் தோழனின் அப்பா அம்பத்தூரில் ஒரு பட்டறையில் வேலை பார்த்தவர். அவருக்கும் ஆள்காட்டி விரலில் ஒரு கணு இல்லை. மகன் கிதார் கேட்டபோதெல்லாம் "படிக்கிற வேலையைப் பாரு" என்றே சொல்லிவந்தார். இந்தக் கதையைச் சொன்ன அன்று சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் கையை நிறுத்தினார்.

"எந்த மெஷின்?"

"பிரஸ்ஸுப்பா."

"மெஷினுக்கு சேஃப்டி கார்டு போடாம விட்டிருப்பானுங்க" என்றார். வெகுநேரம் பேசவில்லை. அடுத்த மாதச் சம்பளத்தில் நம் நாட்டுத் தயாரிப்பான ஒரு பழைய கிவ்சன் கிதார் வீட்டுக்கு வந்தது.

நாங்களும் நால்வர் சேர்ந்தோம். தந்தியின் அதிர்வை ஆம்பிளிஃபயருக்கு அனுப்பும் பிக்கப் ஒன்றை வாங்கி கிதாரில் பொருத்தினோம். மாரியம்மன் கோயிலுக்கு மைக் செட் போடுகிறவர் தன் அஹுஜா ஆம்பிளிஃபயரை ஞாயிற்றுக்கிழமைகளில் இரவல் தந்தார். சத்தத்தை முழுக்கத் திருப்பினால் கிதார் கரகரவென்று கிழியும். எங்களுக்கு வேண்டியதும் அதுதான். 1988 ஆண்டு விழாவில் ஒரே ஒரு பாட்டு வாசித்தோம். பரீட்சை வந்தது, பிரிந்தோம்.

சப்பாத்தும் கலைந்து கலைந்து சேர்ந்தது. 1979ல் ஓஸியை நீக்கிவிட்டு ரோனி ஜேம்ஸ் டியோவைச் சேர்த்தார்கள். டியோ மகா பாடகர். ஆனாலும் எனக்கு அந்த முதல் நால்வர்தான் சப்பாத்.

2025 ஜூலை 5 அன்று, ஆஸ்டனிலேயே உள்ள வில்லா பார்க்கில், நால்வரும் கடைசியாகச் சேர்ந்து வாசித்தார்கள். பார்க்கின்சன் நோயால் அவதிப்பட்ட ஓஸி நாற்காலியில் உட்கார்ந்தபடி பாடினார். பதினேழாம் நாள், ஜூலை 22, போய்விட்டார். அப்போது இங்கிலாந்தில் இருந்த நான் பர்மிங்காமுக்கு ரயிலேறினேன். பிராட் ஸ்ட்ரீட் பாலத்தில் நால்வர் முகமும் பதித்த பெஞ்ச் ஒன்று இருக்கிறது. அது பூவுக்குள் மறைந்திருந்தது. படமெடுத்துத் தோழனுக்கு அனுப்பினேன்.

பெரம்பூரில் அப்போது நள்ளிரவு தாண்டியிருக்கும். பதிலுக்கு ஒரு குரல் பதிவு வந்தது. பேச்சு இல்லை. அதே பழைய கிவ்சனில் கீழ் ச, மேல் ச, பிரதி மத்யமம். கடைசிச் சுரம் முழுதாக அடங்கும்வரை அவன் பதிவை நிறுத்தவில்லை.