பர்கூர் மலைல பட்டிக்குப் போற தடம்

ஈரோடு மாவட்டத்து அந்தியூர்ல பர்கூர் பஸ் ஏறி ஜன்னலோரமா உக்காந்துட்டீங்கன்னா வரட்டுப்பள்ளம் டேம் தாண்டுனதுல இருந்து கண்ண எடுக்க முடியாதுங்க. காத்தால நேரமே கெளம்பற பஸ்ஸா இருந்தா ரோட்டோரமா யானச் சாணம் ஆவி பறக்கக் கெடக்கும், டிரைவர் ஹாரன் அடிக்காம மெதுவா ஓட்டுவாரு. அப்பறம் வளைவு வளைவா ஏறி தாமரைக்கரை, அதத் தாண்டி பர்கூர், இன்னும் மேக்கால போனா தட்டக்கரை, கர்கேகண்டி, அதோட கர்நாடகா. மழக்காலத்துல இந்த ரோட்டுல மண்ணு சரிஞ்சு பாறை உருண்டு போக்குவரத்து நின்னு போறது வருசா வருசம் நடக்கறதுதான், நாங்க போனது தை மாசம்ங்கறதால அந்தத் தொந்தரவு இல்ல, குளிருதான்.

போனது சுத்திப் பாக்க இல்லைங்க. மலைமேல ஒரு ஊர்ல (பேர் வேண்டாம், யானை நடமாட்டம் இருக்கற இடம், ரீல்ஸ் எடுக்கன்னு ஆளுக கெளம்பி வந்துருவாங்க) பழைய மாட்டுத்தடம் ஒண்ணு உண்ணிச்செடி (லன்டானான்னு சொல்ற புதர்) மூடி நடக்க முடியாமப் போயிருச்சு, ஊர்க்காரங்களே சேந்து அதச் சரி பண்றாங்க, கை குடுக்க ஆள் வந்தா நல்லதுன்னு அந்தியூர்ல இருக்கற ஃப்ரெண்ட் சொன்னாரு. நான் காங்கேயம் பக்கம், கொறங்காட்டு (வேலி போட்ட மேய்ச்சல் காடு) ஊர்ல பொறந்தவன், மேய்ச்சல் நெலம்னு சொன்னா எனக்குக் காது நிமிந்துரும். கெளம்பிட்டேன்.

பர்கூர் மலைல ரொம்ப காலமா மாடு வெச்சிருக்கறவங்க பெரும்பாலும் லிங்காயத்துக்காரங்க, வீட்டுல கன்னடம், நம்மகிட்ட நல்ல கொங்குத் தமிழ். சோளகர்ங்கற பழங்குடிக்காரங்க ஊருகளும் மலைல இருக்கு. மாடுன்னா பர்கூர் மாடு, செவப்பு மேல வெள்ளத் திட்டு, செம்மறைன்னு சொல்லுவாங்க. நம்ம காங்கேயம் மாட்ட விட ஒடம்பு சிறுசு, பாலும் கொஞ்சம்தான், ஆனா கல்லு முள்ளு மேடு பள்ளத்துல இது நடக்கற வேகம் இருக்கே, அத நேர்ல பாக்கோணும். ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோயில் பண்டிகைச் சந்தைல கட்டி வெச்சுப் பாத்திருப்பீங்க, அது வேற, மலைல சரிவுல எறங்கி வர்றதப் பாக்கறது வேற. இந்த மாடுக தெனமும் சாயங்காலம் வீட்டுக்கு வர்றதில்ல, காட்டுக்குள்ள முள்ளு வேலி போட்ட பட்டில அடையும், மேய்க்கறவங்களும் அங்கயே தங்கிக்குவாங்க. பட்டில குமியற எருவுக்குக் கீழ வெள்ளாமைக்காரங்ககிட்ட நல்ல கிராக்கி. ஊருக்கும் பட்டிக்கும் நடுவுல ஆளும் மாடும் போய்வந்து போய்வந்து உண்டான தடம்தான் நான் சொல்ற இந்தத் தடம். இதுலயேதான் அக்கட்டால இருக்கற சின்ன ஊர்ல இருந்து புள்ளைங்க பள்ளிக்கூடம் வர்றாங்க, ரேசன் அரிசி தூக்கிட்டுப் போறாங்க, யாருக்காச்சும் ஒடம்பு முடியலைன்னா போர்வைல தொட்டில் கட்டி மூங்கில்ல மாட்டித் தோள்ல தூக்கிட்டு ரோட்டுக்கு வர்றாங்க.

அப்ப இது ஏன் மூடிப்போச்சு? அதத்தான் நான் எல்லார்கிட்டயும் கேட்டுக்கிட்டே இருந்தேன்.

பட்டி வெச்சிருந்த பெரியவர் ஒருத்தர், எழுவது வயசு இருக்கும், எங்களுக்கு முன்னால அருவா எடுத்துட்டு நடந்தாரு. "மாடு போனா தடம் இருக்குங்க, மாடு நின்னா ஒரே மழைல உண்ணி ஏறிக்கும்" அப்படின்னாரு. அவுங்க தெருவுலயே முன்ன பல வீட்டுல பட்டி இருந்துச்சாம், இப்ப கொறஞ்சு போச்சு, பசங்க திருப்பூருக்கும் பெருந்துறைக்கும் கம்பெனி வேலைக்குப் போயிட்டாங்க. அதுக்கு மேல சட்டச் சிக்கல் வேற. 2022 மார்ச்சுல சென்னை ஹைகோர்ட் தமிழ்நாட்டுக் காடு எதுலயும் ஆடு மாடு மேய்க்கக் கூடாதுன்னு உத்தரவு போட்டுச்சு, அப்பறம் அத மாத்தி புலிகள் காப்பகம், சரணாலயம், தேசியப் பூங்கா இதுக்கு மட்டும்னு சுருக்குனாங்க. பர்கூர்க்காரங்க மூச்சு விட்டாங்க. மறு வருசமே, 2023 பட்ஜெட்ல, அந்தியூர், கோபி தாலூக்காக் காட்டுல 80,567 ஹெக்டேர் தந்தை பெரியார் வனவிலங்குச் சரணாலயமா ஆகப்போகுதுன்னு அறிவிப்பு வந்துச்சு, அரசாணையும் 2024ல வந்துருச்சு. கோர்ட்டு சுருக்குன கட்டத்துக்குள்ளயே இவுங்க காடு வந்து மாட்டிக்கிச்சு, இதான் அவுங்க கவலை.

நான் சரணாலயத்துக்கு எதிரி கெடையாதுங்க. இந்தக் காடு தெக்க சத்தியமங்கலத்தையும் வடக்க மாதேஸ்வரன் மலை, காவேரிக் காட்டையும் சேக்கற எடம், யானை போய்வர்ற பாதை, ரிசார்ட்டும் குவாரியும் உள்ள நொழையாம இருக்கோணும்னா கெட்டியா ஒரு பாதுகாப்பு வேணும். ஆனா வெட்டவெளி நெலத்தக் காப்பாத்தறதுன்னா ஆளையும் மாட்டையும் வெளிய அனுப்பறதுன்னு எடுத்துக்கிட்டா காப்பாத்துன எடத்துல என்ன மிஞ்சும்னு இந்தத் தடத்துல நடந்து பாத்தாத் தெரியும். 1972 வனவிலங்குச் சட்டத்துலயே தேசியப் பூங்காவுலதான் கால்நடைக்குக் கதவு முழுசா சாத்தியிருக்கு, சரணாலயத்துல மேய்ச்சல ஒழுங்குபடுத்தலாம்னு எடம் இருக்கு. 2006 வன உரிமைச் சட்டத்துல மேய்ச்சல் ஒரு சமூக உரிமைன்னே எழுதியிருக்கு. பழங்குடி அல்லாத பாரம்பரிய வனவாசிகன்னா 2005 டிசம்பர் 13க்கு முன்னால மூணு தலமுறை, அதாவது 75 வருசம், அங்க இருந்ததுக்கு அத்தாட்சி காட்டோணும். பெரியவர் வீட்டுல மஞ்சள் பூத்த பழைய மேய்ச்சல் ரசீது ஒரு தகரப் பொட்டில இருக்கு, அவுங்க தாத்தா பேர்ல. அத எடுத்துக் காட்டுனப்போ அவர் வெரல் நடுங்குச்சு, எனக்குப் பேச்சு வரல.

சரி, வேலைக்கு வர்றேன்.

காட்டுக்குள்ள போற பகுதிக்கு ரேஞ்சர்கிட்ட முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தாங்க, வாட்ச்சர் ஒருத்தர் கூடவே வந்தாரு. மீதி ஊருப் புறம்போக்கும் பட்டாக் காடும். உண்ணிச்செடி ஆள் ஒசரத்துக்கு மேல ரெண்டு பக்கமும் வந்து மேல கூடாரம் கட்டி நிக்குது, உள்ள குனிஞ்சு போனா அஞ்சடிக்கு அங்க என்ன நிக்குதுன்னு தெரியாது. யானையோ கரடியோ வளைவுல நின்னா மோதுனாத்தான் தெரியும், பள்ளிக்கூடப் புள்ளைங்க போற தடம்ங்க இது. அதனால ஊர்க்காரங்க போட்ட மொத விதி, தடத்த மட்டும் வெட்டுனாப் பத்தாது, ரெண்டு பக்கமும், முக்கியமா வளைவுல, பார்வைக்கு எடம் விட்டுச் சுத்தம் பண்ணோணும்.

அருவாள்ல வெட்டுனா உண்ணி அடிக்கட்டைல இருந்து முன்ன விட அடர்த்தியாத் துளுக்கும். வேரும் தண்டும் சேர்ற எடத்துக்குக் கீழ குந்தாணி மாதிரி இருக்கறதக் கடப்பாரை போட்டு நெம்பி முழுசாப் பொறட்டி, வேரு மேல பாக்கறாப்ல கவுத்து வெக்கோணும். காய் பழுக்கறதுக்குள்ள பண்ணிறோணும், பழுத்துட்டா குருவி தின்னு எச்சம் போட்டு புது எடமெல்லாம் மொளைக்கும். இந்தச் செடி அழகுக்குன்னு வெள்ளக்காரன் கொண்டாந்தது, பூர்வீகம் அமெரிக்காக் கண்டம், இப்ப நம்ம மேற்கு மலை முழுக்க இதான். முன்ன கோடைக்கு முன்னால சருகுக்கு லேசாத் தீ வெச்சு விடுவாங்களாம், புல்லு வரும், உண்ணி கட்டுக்குள்ள இருக்கும்னு பெரியவர் சொன்னாரு. பக்கத்து பிலிகிரிரங்கன் மலைச் சோளகர்களும் இதயேதான் சொல்றாங்க. இப்ப தீ வெக்கறது குத்தம், 2018ல மலையேறப் போனவங்க செத்த குரங்கணித் தீக்கு அப்பறம் யாரும் அந்தப் பேச்சையே எடுக்க மாட்டாங்க, அது நியாயமும்தான், ஆனா தீ நின்ன எடத்துல கை வேலையாச்சும் நடக்கோணுமே. பக்கத்துல மாதேஸ்வரன் மலைல உண்ணிக் குச்சிய வேகவெச்சுத் தோலு உரிச்சு சேர், கூடைன்னு பண்ணி விக்கறாங்க, இங்கயும் அத யாராச்சும் வந்து சொல்லிக்குடுத்தா வெட்டுற செடியே கூலியாகும்.

தடம் போடறதுலயும் கத்துக்க நெறைய இருந்துச்சு. ஒரு எடத்துல சுருக்குவழின்னு யாரோ நேரா மேட்டுல ஏத்தியிருக்காங்க, அது ரெண்டு மூணு மழைல இடுப்பு அளவுக்கு ஓடையாயிருச்சு, வேரெல்லாம் வெளிய தொங்குது. பழைய மாட்டுத்தடம் அப்படி இல்ல, சரிவ ஒட்டி சாஞ்சு சாஞ்சு போகுது, நடக்க தூரம் ஜாஸ்தி ஆனா மூச்சு வாங்காது, மண்ணும் ஓடல. "மாடு நேரா ஏறாதுங்க, அதுக்குத் தெரியும்"னு பெரியவர் சொல்லிட்டு சுருக்குவழிய முள்ளு வெட்டிப் போட்டு அடைக்கச் சொல்லிட்டாரு. ஓடையான எடத்துல குறுக்க குறுக்க கல்லு அடுக்கி, நடுவுல வெட்டுன தழை போட்டு, வர்ற மண்ணு தங்கறாப்ல விட்டோம். பழைய தடத்துல வெளி ஓரத்தக் கொஞ்சம் தாழ்வா சீவி விட்டு, சில தூரத்துக்கு ஒருக்கா கல்ல சாய்வாப் பதிச்சு, மழத்தண்ணி தடத்துலயே ஓடாம பக்கத்துப் புல்லுக்குப் போறாப்ல திருப்பி விட்டோம். சிமெண்ட் ஒரு சட்டி கூட இல்லைங்க. ஊருப் பொம்பளைங்க கல்லப் பாத்த ஒடனே இது உக்காரும், இது உருளும்னு சொல்லிர்றாங்க, நான் கல்லு தூக்கற ஆளு மட்டும்தான்.

மத்தியானம் ராகிக் களியும் அவரைக்கொட்டைக் கொழம்பும், பாறை மேல உக்காந்து. அங்க இருந்து பாத்தா போன வருசம் உண்ணி எடுத்த துண்டு ஒண்ணு தெரியுது, வெட்டவெளி, முழுசாப் புல்லு, மான் குளம்படி. வெதைச்சீங்களான்னு கேட்டேன். "வெதைக்கலீங்க சாமி, வெயில் பட்டாப் போதும், மண்ணுல புல்லு இருக்குது"ன்னு ஒரு அக்கா சொன்னாங்க. மாடு மேஞ்சா மானுக்கு இல்லாமப் போயிருமான்னு வாட்ச்சர்கிட்டக் கேட்டேன், அவர் யோசிச்சு, அளவோட மேஞ்சா ரெண்டுக்கும் இருக்கும், உண்ணி மூடிருச்சுன்னா ரெண்டுக்கும் இல்லைன்னாரு. அவர் காட்டுல சுத்தற ஆளு, நான் அவர் பேச்ச நம்பறேன்.

எங்கூர்ல கொறங்காடு போறத நான் சின்ன வயசுல இருந்து பாக்கறேன். கொழுக்கட்டைப் புல்லு, நடுவுல வெள்ளவேலம், சுத்தி கிளுவ வேலி, ஒரு பக்கம் மேஞ்சதும் மாட்ட அடுத்த பக்கம் மாத்தறதுன்னு காங்கேயம் மாடே அந்த நெலத்துலதான் உருவாச்சு. இப்ப அது சைட்டாகுது, சோலார் தகடு ஏறுது, இட்டேரியெல்லாம் (ரெண்டு பக்கமும் வேலி இருக்கற மாட்டுவண்டித் தடம்) வேலியோட வழிச்சுத் தார் போட்டாச்சு. எங்களுக்கு நெலம் பட்டால இருந்தும் காப்பாத்த முடியல, வெல வந்ததும் வித்துட்டோம். பர்கூர்க்காரங்ககிட்ட மேய்ச்சக் காட்டுக்குப் பட்டா இல்ல, தகரப் பொட்டில ஒரு ரசீது, வருசா வருசம் சேந்து செய்யற இந்த வேல, அவ்வளவுதான், ஆனாலும் நெலத்த விடல. ரெண்டயும் ஒரே வாரத்துல பாத்ததால எனக்கு இது ரொம்ப உறுத்துது.

2024ல அரசாங்கம் டிரெக் தமிழ்நாடுன்னு 40 மலையேற்ற வழித்தடம் தொறந்துச்சு, கோவைல வெள்ளியங்கிரி, டாப்சிலிப் பக்கம், சேலத்துல ஏற்காடு பக்கம்னு, மலை ஊருப் பசங்களே வழிகாட்டி, அவுங்களுக்குச் சம்பளம். நல்ல காரியம். அதே அக்கற மலைக்காரங்க தெனமும் நடக்கற தடத்துக்கும் வரோணும்னு கேக்கறேன். ரோடு இல்லாம இருந்த ராசிபுரம் போதமலைக்கு ஓட்டு மெஷினத் தலச்சுமையாத் தூக்கிட்டு ஏறுற போட்டோ தேர்தலுக்குத் தேர்தல் பேப்பர்ல வந்துச்சு, நாமெல்லாம் பாத்து ஆச்சரியப்பட்டோம், அதே மேட்டுல பிரசவத்துக்கு எறங்குனவங்கள யாரும் போட்டோ எடுக்கல. எல்லா ஊருக்கும் தார் ரோடுதான் வேணும்னு இல்ல, பர்கூர்ல சில எடத்துல ரோடு வந்தா காடு போயிரும்னு ஊர்க்காரங்களே சொல்றாங்க. தொட்டில் தூக்கிட்டு ரெண்டு பேர் சேந்து நடக்கற அகலத்துல, வழுக்காத, பார்வை மறைக்காத தடம், அத வருசா வருசம் பராமரிக்க நூறுநாள் வேலைக் கூலி, இதத்தான் கேக்கறாங்க. ஜனவரி 26 கிராமசபைல அத மனுவாவும் குடுத்துட்டாங்க, மேய்ச்சல் உரிமை மனு தனியா.

போக ஆசப்படறவங்களுக்கு: தனியாக் காட்டுக்குள்ள எறங்காதீங்க, சரணாலயத்துக்குள்ள வனத்துறை அனுமதி இல்லாம நடக்கறது குத்தம், ஆபத்தும் கூட. பஸ் ரோட்டுல பர்கூர் வரைக்கும் யாரு வேணாப் போலாம், பொழுது சாயறதுக்குள்ள எறங்கிருங்க. பிளாஸ்டிக் வேண்டாம். அந்தியூர்ப் பண்டிகைல பர்கூர் மாடு வாங்கற எண்ணம் இருந்தா மேய்க்க வெட்டவெளி இருக்கான்னு மொதல்ல பாருங்க, கட்டுத்தரைல கட்டிப் போட்டுப் பால் கறக்கற மாடு இது இல்ல. தடத்துல இன்னும் பாதி பாக்கி, அடுத்த வேல ஆடி மழைக்கு முன்னால. கடப்பாரை, மம்முட்டி, கெட்டியான கையொற கொண்டு வாங்க, மத்தியானச் சாப்பாடு ஊர்ல போட்டுருவாங்க, அரிசி பருப்பு நாம வாங்கிக் குடுத்துரலாம்.