அப்பாவின் காதும் அத்தையின் காதும்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் நாங்கள் குடியிருந்த தோட்டத்தில், காது மந்தமானவர் என்றால் ஆலையில் வேலை செய்தவர் என்றே எடுத்துக்கொள்வார்கள். செம்பனை எண்ணெய் ஆலையின் கொதிகலனருகே இருபது ஆண்டுகளுக்கு மேல் நின்ற என் அப்பாவுக்குச் செவித்திறன் குறைந்தபோது யாரும் வேறு காரணம் தேடவில்லை. ஆனால் ஆலைப் பக்கமே போகாமல், காலம் முழுவதும் பால்மரம் எனப்படும் ரப்பர் மரம் சீவிய அத்தைக்கும் ஏறக்குறைய அதே வயதில் அதே குறை எப்படி வந்தது? அந்தக் கேள்விதான் செவித்திறனோடு தொடர்புள்ள மிர்-96 மரபணுவைப் பற்றிப் படிக்க என்னைத் தூண்டியது.

ஏழாம் குரோமோசோமில் உள்ள இம்மரபணு எந்தப் புரதத்தையும் உண்டாக்குவதில்லை. அதிலிருந்து உருவாகும் 23 எழுத்து (வேதி அலகு) நீளமுள்ள மைக்ரோ ஆர்என்ஏ என்னும் குட்டி இழை, புரதம் செய்யச் சொல்லிப் பிற மரபணுக்கள் அனுப்பும் செய்திகளோடு ஒட்டிக்கொண்டு, அவற்றிலிருந்து புரதம் மிகுதியாக உண்டாகாதபடி அடக்கி வைக்கிறது. தோட்டத்துக் கங்காணியைப் போலத்தான் இதுவும்: அவர் தாமே மரம் சீவியதில்லை. ஆனால் யாருக்கு எந்த நிரை என்பது அவர் வாயில்தானே இருந்தது! எந்தச் செய்தியோடு ஒட்டுவது என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இரண்டு முதல் எட்டு வரையிலான எழுத்துகள். இவற்றை விதைப் பகுதி என்பர்.

2009இல் ஸ்பெயின் நாட்டுக் குடும்பங்கள் இரண்டில், ஒன்றில் இவ்விதைப் பகுதியின் ஐந்தாம் இடத்து எழுத்தும் மற்றொன்றில் ஆறாம் இடத்து எழுத்தும் மாறியிருப்பது கண்டறியப்பட்டது. பேசக் கற்றுக்கொண்ட பிறகே அவர்களுக்குச் செவித்திறன் குறையத் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு தேய்ந்தது. பெற்றோரில் ஒருவரிடமிருந்து பிறழ்ந்த பிரதி ஒன்று வந்தாலே போதும் என்பதால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. அதே ஆண்டில் இத்தகைய பிறழ்வு எலிகளிலும் விவரிக்கப்பட்டது. அவ்வெலிகளுக்கு, இசையில் ஒலி படிப்படியாகத் தேய்வதைக் குறிக்கும் ‘டிமினுயெண்டோ’ என்ற பெயரையே வைத்தார்கள். பொருத்தமான பெயர்தான். உள்காதில் ஒலியை உணரும் மயிர்ச் செல்கள் அவ்வெலிகளில் சரியாக முதிர்ச்சி அடைவதில்லை. மனிதரிடம் அச்செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதும் இல்லை.

இதைப் படித்தவுடன் எங்கள் குடும்பத்துக்கும் இதுவே காரணம் என்று நான் துள்ளிவிடவில்லை. மிர்-96இல் இத்தகைய பிறழ்வு மிகச் சில குடும்பங்களிலேயே காணப்பட்டுள்ளது. காதைக் கெடுக்கும் மரபணுக்களோ நூற்றுக்கு மேல். கொதிகலன் இரைச்சலை மன்னிக்கவும் எனக்கு மனம் வரவில்லை.

ஆயினும் சென்ற தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது, தாத்தாவுக்குக் காது நன்றாகக் கேட்குமா என்று அத்தையின் காதருகே குனிந்து மூன்று முறை உரக்கக் கேட்டேன். ஆலையை ஒருநாளும் மிதித்திராத தாத்தாவைக் கூப்பிட வேண்டுமென்றால், பின்னால் போய்த் தோளைத் தொட்டால்தான் திரும்புவார் என்றார் அத்தை.