முழங்கால் தேய்மானம், சர்க்கரை, பிரஷர்: மூன்றையும் வைத்துக்கொண்டு உடற்பயிற்சி பழகிய அனுபவம்

எனக்கு 67 வயது. சர்க்கரை வந்து பல வருடம் ஆகிறது. அப்புறம் பிரஷர் வந்தது. கடைசியாக வலது முழங்காலில் தேய்மானம் வந்து சேர்ந்தது. இந்த மூன்றும் ஒரே ஆளுக்கு இருந்தால் உடற்பயிற்சி என்ற பேச்சே குழப்பமாகிவிடும். சர்க்கரைக்கு "தினமும் நடங்கம்மா" என்பார்கள். நடந்தால் முழங்கால் வீங்கும். முழங்காலுக்கு "கொஞ்ச நாள் ரெஸ்ட் கொடுங்க" என்பார்கள். ரெஸ்ட் கொடுத்தால் சர்க்கரை ஏறும். பிரஷர்காரர்கள் கனமே தூக்கக்கூடாது என்று சொல்ல உறவுக்காரர்கள் இருக்கவே இருக்கிறார்கள். ஒன்றைப் பார்த்தால் இன்னொன்று கெடும் என்ற பயத்திலேயே நம்மில் நிறைய பேர் உட்கார்ந்த இடத்திலேயே இருந்துவிடுகிறோம்.

எனக்கு வழி திறந்தது நடையில் அல்ல, கால் தசையில். முதலில் வலு, அதற்கப்புறம் நடை என்று வரிசையை மாற்றிய பிறகுதான் எல்லாம் ஒவ்வொன்றாகச் சரியாக ஆரம்பித்தது. வயதானவர்களுக்கு உடற்பயிற்சி என்றாலே நடைப்பயிற்சி மட்டும்தான் என்ற எண்ணம் போக வேண்டும் என்பது என் ஆசை. அதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன்.

ஆரம்பிப்பதற்கு முன்னால் டாக்டர் சில பரிசோதனைகள் செய்யச் சொன்னார். நெஞ்சுவலி, காரணமில்லாத மூச்சுத்திணறல், மயக்கம் உண்டா என்று கேட்டு ஈசிஜி எடுத்தார்கள். கண் விழித்திரையைப் பார்த்தார்கள். சர்க்கரையால் விழித்திரையில் புதிய ரத்தக்குழாய்கள் முளைத்திருந்தால், மூச்சைப் பிடித்து முக்கிச் செய்கிற பயிற்சிகள் ஆபத்து. அப்புறம் பாதம். கண்ணை மூடச் சொல்லிவிட்டு மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, "தொடும்போது சொல்லுங்கம்மா" என்றார்கள். பெருவிரலுக்கு அடியில் ஒரு இடத்தில் தொட்டது எனக்குத் தெரியவே இல்லை. உணர்ச்சி குறைந்த பாதத்தில் செருப்பு கடித்தாலும் வலிக்காது, புண்ணானால்தான் தெரியும். அதனால் நல்ல பொருத்தமான ஷூ, உள்ளே கல் மண் இருக்கிறதா என்று கையை விட்டுப் பார்ப்பது, நடந்து வந்ததும் பாதத்தைத் திருப்பிப் பார்ப்பது, இந்த மூன்றும் அன்றிலிருந்து பழக்கமாகிவிட்டது.

பிசியோதெரபிஸ்ட் ஒரு இளம்பெண். நான் எக்ஸ்ரேயை எடுத்து நீட்டினேன். அதைப் பார்த்து ஓரமாக வைத்துவிட்டு, "எலும்பைப் பத்தி அப்புறம் பேசலாம்மா, முதல்ல தொடையைப் பாப்போம்" என்று டேப்பை எடுத்தார். இரண்டு தொடையையும் முழங்காலுக்கு மேலே ஒரே உயரத்தில் அளந்தார். வலது தொடை நன்றாகவே மெலிந்திருந்தது. வலிக்கிறது என்று அந்தக் காலுக்கு வேலை கொடுக்காமல் விட, தசை கரைய, தசை தாங்க வேண்டிய பாரமும் மூட்டின் மேலேயே விழுந்துகொண்டிருந்தது. வலி கூடியதற்கு அதுவும் ஒரு காரணம்.

அப்புறம் ஒரு சின்ன சோதனை. கைப்பிடி இல்லாத நாற்காலியில் உட்கார்ந்து, இரண்டு கையையும் மார்பின் குறுக்கே கட்டிக்கொண்டு, 30 விநாடியில் எத்தனை முறை முழுதாக எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணுவது. 65 முதல் 69 வயதுப் பெண்களுக்கு 11-க்குக் கீழே போனாலும், அதே வயது ஆண்களுக்கு 12-க்குக் கீழே போனாலும், கீழே விழும் அபாயம் கூடுதல் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நான் அதற்கு வெகு கீழே இருந்தேன்.

"இந்த வயசுல தசை வளருமாம்மா?" என்று கேட்டேன். அவர் 1990-இல் அமெரிக்காவில் பாஸ்டனில் நடந்த ஓர் ஆய்வைச் சொன்னார். முதியோர் பராமரிப்பு இல்லத்தில் இருந்த, சராசரி வயது 90 ஆன சிலருக்கு எட்டு வாரம் கால்களுக்கு எடைப்பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். அவர்களின் கால் வலு இரண்டு மடங்குக்கும் மேல் கூடியதாம். தொண்ணூறில் முடிந்தது அறுபத்தேழில் முடியாதா என்று எனக்கு அங்கேயே தைரியம் வந்துவிட்டது.

முதல் சில வாரம் நடையே இல்லை. நாற்காலிதான். அதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எல்லாம் அதில்தான் இருக்கிறது. நாற்காலியைச் சுவரோடு ஒட்டிப் போட வேண்டும். உட்காரும் இடம் தாழ்வாக இருந்தால் முழங்காலுக்குப் பாரம் அதிகம், அதனால் மேலே ஒரு கெட்டியான மெத்தை போட்டு உயர்த்திக்கொண்டேன். முன்னோக்கி நகர்ந்து நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்து, பாதத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து, மூக்கு கால்விரல்களுக்கு நேராக வரும்வரை உடம்பை முன்னால் சாய்த்து எழ வேண்டும். எழும்போது மூச்சை வெளியே விட வேண்டும். உட்காரும்போது பொத்தென்று விழக்கூடாது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று வாய்விட்டு எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்க வேண்டும். அந்த இறக்கத்தில்தான் தொடைத் தசை நடுங்கிக்கொண்டு வேலை செய்வது தெரியும். தொடை பலப்பட பலப்பட மெத்தையை எடுத்துவிட்டேன், பிறகு கையில் சிறிய எடை வந்தது.

வாய்விட்டு எண்ணுவது பிரஷர்காரர்களுக்கு ரொம்ப முக்கியம். கனமான வேலை செய்யும்போது நம்மையறியாமல் மூச்சைப் பிடித்துக்கொள்வோம், அந்தக் கணத்தில் ரத்த அழுத்தம் சட்டென்று மேலே போகும். எண்ணிக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடிக்கவே முடியாது. கட்டுப்பாட்டில் இருக்கிற பிரஷரோடு, அளவான எடையில், மூச்சு விட்டுச் செய்தால் வலுப்பயிற்சி செய்யலாம் என்று டாக்டரும் உறுதியாகச் சொன்னார்.

இதோடு சுவரைத் தள்ளுவது, சமையல் மேடையைப் பிடித்துக்கொண்டு குதிகாலை உயர்த்துவது, எலாஸ்டிக் பட்டையைக் கையால் இழுப்பது எல்லாம் உண்டு. வாரத்தில் இரண்டு மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு.

வலி? இருந்தது. வலி என்றாலே நிறுத்திவிட வேண்டும் என்பதில்லை என்பதை நான் இங்கேதான் கற்றேன். பத்துக்கு எத்தனை வலி என்று கேட்பார்கள். மூன்று, நான்குக்குள் இருந்து, மறுநாள் காலையில் பழைய நிலைக்கு வந்துவிட்டால் தொடரலாம். மறுநாளும் வலி கூடுதலாக இருந்தாலோ மூட்டு வீங்கினாலோ, விட்டுவிட வேண்டாம், அளவைக் குறைக்க வேண்டும். வலித்தபோதெல்லாம் விட்டிருந்தால் நான் முதல் வாரத்திலேயே விட்டிருப்பேன்.

முழங்கால் கொஞ்சம் தாங்க ஆரம்பித்ததும் நடை வந்தது. ஒரே மூச்சில் முக்கால் மணி நேரம் என் மூட்டு ஒத்துக்கொள்ளாது. அதனால் காலை, மதியம், இரவு சாப்பாட்டுக்குப் பிறகு தலா 15 நிமிடம் என்று பிரித்துக் கொடுத்தார்கள். இது சமாளிப்புக்காகச் செய்த ஏற்பாடு இல்லை. சர்க்கரை வரும் அபாயத்தில் இருந்த முதியவர்களிடம் செய்து 2013-இல் வெளியான ஓர் ஆய்வில், சாப்பிட்ட பின் 15 நிமிட நடை மூன்று வேளையும் சேர்ந்து, காலையில் ஒரே தடவையாக 45 நிமிடம் நடப்பதற்கு இணையாக நாள் முழுவதுக்குமான சர்க்கரையைக் குறைத்தது. இரவுச் சாப்பாட்டுக்குப் பின் ஏறும் சர்க்கரையைக் குறைத்ததில் அதைவிட நன்றாகவே இருந்தது. காரணம் எளிது. தசை சுருங்கி விரியும்போது இன்சுலினை எதிர்பார்க்காமலே ரத்தத்தில் உள்ள குளுக்கோஸை உள்ளே இழுத்துக்கொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாத எங்களைப் போன்றவர்களுக்கு இது இன்னொரு வாசல். இந்தப் பலன் ஓரிரண்டு நாளில் தேய்ந்துவிடும், அதனால்தான் தொடர்ந்து இரண்டு நாளுக்கு மேல் சும்மா இருக்காதீர்கள் என்கிறார்கள்.

எவ்வளவு வேகம்? நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக்கூடாது. பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோபிரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை சாப்பிடுகிறவர்கள் நாடித்துடிப்பை வைத்து வேகத்தைக் கணக்கிட முடியாது, அந்த மாத்திரை துடிப்பை ஏறவிடாது. நானும் அதில் ஒருத்தி. எனக்குப் பேச்சுதான் அளவுகோல்.

அதே மாத்திரையால் வந்த இன்னொரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். ஒரு மாலை, சாப்பாட்டு நேரம் தள்ளிப்போன நாளில், நடந்துகொண்டிருக்கும்போது சட்டையெல்லாம் வியர்வையில் நனைந்தது. படபடப்பு இல்லை, கை நடுக்கம் இல்லை, வெறும் வியர்வையும் ஒரு மாதிரியான மந்தமும்தான். உட்கார்ந்து பார்த்தபோது சர்க்கரை 70-க்குக் கீழே. இடுப்புப் பையில் இருந்த குளுக்கோஸில் சுமார் 15 கிராம் சாப்பிட்டு, 15 நிமிடம் கழித்து மறுபடி சோதித்து, ஏறிய பிறகுதான் எழுந்தேன். தாழ்சர்க்கரையின் படபடப்பையும் நடுக்கத்தையும் அந்தப் பிரஷர் மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மறைக்காது என்று டாக்டர் விளக்கினார். நான் சர்க்கரைக்குச் சாப்பிடும் கிளிமிபிரைடு மாத்திரையின் அளவைக் குறைத்தார். இன்சுலினோ கிளிமிபிரைடு வகை மாத்திரையோ எடுத்துக்கொள்கிறவர்கள் உடற்பயிற்சியைத் தொடங்குவதற்கு முன்பே மருந்தளவைப் பற்றி டாக்டரிடம் கேட்டுவிட வேண்டும். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் மாத்திரை மட்டும் சாப்பிடுகிறவர்களுக்கு இந்தச் சிக்கல் அரிது.

பிரஷர் விஷயத்தில் எனக்குப் புதிதாகத் தெரிந்தது, பயிற்சி முடிந்து பல மணி நேரம் அழுத்தம் வழக்கத்தைவிடக் குறைவாகவே இருக்கும் என்பது. நல்லதுதான். ஆனால் வேகமாக நடந்துவிட்டுச் சட்டென்று நின்றால் தலைசுற்றும். கடைசி ஐந்து நிமிடம் வேகத்தைக் குறைத்துக்கொண்டே வந்து முடித்தால் அந்தத் தொல்லை இல்லை. தொடர்ந்து செய்கிறவர்களுக்கு மேல் அளவு 5 முதல் 8 புள்ளி வரை இறங்கும் என்கிறார்கள். கேட்கச் சின்னதாகத் தெரியும், ஆனால் அது ஏறக்குறைய ஒரு மாத்திரை செய்கிற வேலை.

சமநிலைப் பயிற்சியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2020-இல் வெளியிட்ட வழிகாட்டுதல், 65 வயதுக்கு மேற்பட்டவர்கள் வாரம் 150 முதல் 300 நிமிட மிதமான உடலுழைப்போடு, இரண்டு நாளாவது வலுப்பயிற்சியும், மூன்று நாளாவது சமநிலையும் வலுவும் சேர்ந்த பயிற்சியும் செய்யச் சொல்கிறது. பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்களுக்குத் தரை எங்கே இருக்கிறது என்ற தகவலே சரியாகப் போகாது, அதனால் எனக்கு இது ரொம்ப அவசியம். மேடையைப் பிடித்துக்கொண்டு ஒரு பாதத்துக்கு நேர் முன்னால் இன்னொரு பாதத்தை, குதிகால் விரலைத் தொடும்படி வைத்து நிற்பது, அப்படியே அடியெடுத்து நடப்பது, ஒற்றைக் காலில் நிற்பது. முதலில் இரண்டு கை, பிறகு ஒரு கை, பிறகு ஒரு விரல் மட்டும். பக்கத்தில் ஆள் இல்லாமல் கையை முழுதாக எடுக்கக்கூடாது.

நான்கைந்து மாதத்தில் மூன்று மாத சர்க்கரைச் சராசரி (HbA1c) 8.1 சதவீதத்திலிருந்து 7.4 சதவீதத்துக்கு வந்தது. அதிசயம் எதுவும் இல்லை, மாத்திரையும் நிற்கவில்லை. எக்ஸ்ரேயும் அப்படியேதான் இருக்கிறது, தேய்ந்த மூட்டு திரும்ப வளராது. மாறியது வலியும் வலுவும். கம்பியைப் பிடித்து ஒவ்வொரு படியாக இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறினவள், இப்போது கால் மாற்றிக் கால் வைத்து ஏறுகிறேன். கழிவறையில் கையூன்றாமல் எழ முடிகிறது. இதன் அருமை முழங்கால் வலி உள்ளவர்களுக்குத்தான் புரியும். எடையும் கொஞ்சம் குறைந்தது. ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வொரு அடிக்கும் முழங்காலில் விழும் பாரம் நான்கு கிலோ குறைகிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள், அதனால் சின்னக் குறைவும் மூட்டுக்குப் பெரிசுதான்.

நெஞ்சில் அழுத்தம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, வழக்கத்துக்கு மாறான மூச்சுத்திணறல், மயக்கம் வருகிற மாதிரி இருத்தல், இதில் எது வந்தாலும் அன்றைக்குப் பயிற்சி கிடையாது, உடனே மருத்துவ உதவிதான். இதில் "கொஞ்ச நேரம் பார்ப்போம்" என்று இருக்கவே கூடாது.

நடுவில் ஒரு காய்ச்சல் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் படுத்துவிட்டேன். எழுந்தபோது நாற்காலி பழையபடி தாழ்ந்துபோனது போல இருந்தது. நம் வயதில் படுக்கையில் தசை வேகமாகக் கரையும், திரும்ப ஏறத்தான் நாளாகும். பிசியோதெரபிஸ்ட்டிடம் கேட்டதற்கு, விட்ட இடத்திலிருந்து தொடங்காதீர்கள், பாதி அளவில் ஆரம்பித்து வாராவாரம் கூட்டுங்கள் என்றார். மெத்தையை மறுபடி நாற்காலியில் போட்டுக்கொண்டேன். அடுத்த மாதம் அதை எடுத்துவிட்டேன்.