கல் இல்லாத கோட்டைகள்

கோட்டை என்றதும் கருங்கல் மதிலைத் தேடுகிறவர்களுக்கு லித்துவேனியாவின் கெர்னவே ஏமாற்றம்தான். தலைநகர் வில்னியஸிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர். நேரிஸ் ஆற்றங்கரையில் ஐந்து புல்மேடுகள், ஏறிப்போக மரப்படிகள். அவ்வளவே. ஆனால் அந்தச் சரிவுகளை உற்றுப் பாருங்கள்: இயற்கைக் குன்றுக்கு இத்தனை செங்குத்து வராது. மனிதர்கள் மண்ணைச் செதுக்கி, உச்சியில் கரை எழுப்பி, மரக்கோட்டை கட்டிய இடம் அது. நாடெங்கும் இப்படி நூற்றுக்கணக்கான மேடுகள் உண்டு.

1279இல் மன்னர் திரைதெனிஸ் காலத்தில் கெர்னவேயின் பெயர் ஏட்டில் வருகிறது. மேட்டின் மேல் அரசும் படையும். கீழே பயௌதா பள்ளத்தாக்கில் கொல்லர்கள், நகை செய்வோர், எலும்பில் சீப்பு செதுக்குவோர். 1390இல் ஜெர்மானியக் கிறிஸ்தவ வீரத்துறவிகளான தியூத்தன் படை வந்தது, ஊர் எரிந்தது. லித்துவேனியா ஞானஸ்நானம் பெற்றுக் கிறிஸ்தவ நாடாகி மூன்றே ஆண்டு ஆகியிருந்தது. மதம் பரப்ப வந்ததாகச் சொன்ன படைக்கு அதன்பிறகும் என்ன வேலை என்று எனக்கு இன்றும் கோபம் வரும்.

பள்ளத்தாக்கில் மீண்டும் யாரும் வீடு கட்டவில்லை. ஆறு வண்டலைக் கொண்டுவந்து மூடியது. அந்த ஈர மண்ணுக்குள் காற்று புகாததால் மரமும் தோலும்கூட மட்காமல் கிடைத்திருக்கின்றன. 2004இல் யுனெஸ்கோ கெர்னவேயை உலக மரபுச் சின்னமாக அறிவித்தது. போகிறவர்கள் மேட்டில் படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், தயவுசெய்து அருங்காட்சியகத்துக்குள்ளும் ஒருமுறை நுழைந்துவிட்டு வாருங்கள்.