பச்சை போட்ட ஐடி

'ரிவர்ல மடக்க மாட்டார். ப்ளஃப் வேண்டாம். மாசம் முதல் வாரம் வருவார். தோத்தா எழுந்திருக்க மாட்டார், மறுபடி பணம் போடுவார்.'

ஆன்லைன் போக்கரில் பணம் வைத்து ஆடின காலத்தில், பச்சை நிறம் போட்டு வைத்த ஓர் ஆட்டக்காரரின் ஐடிக்கு நான் எழுதி வைத்திருந்த நோட் இது. ரிவர் என்றால் கடைசிப் பொதுச் சீட்டு விழும் சுற்று, மடக்குவது என்றால் சீட்டைப் போட்டுவிட்டு விலகுவது. எங்கள் ஸ்டேக்கிங் குழுவில், அதாவது ஒருவர் பணம் போட மற்றவர் ஆடி லாபத்தைப் பிரித்துக்கொள்ளும் குழுவில், புதிதாகச் சேர்ந்த தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான். நோட்டைப் படித்துவிட்டு, "அண்ணா, இது ஆட்டத்தைப் பத்தின நோட்டா, ஆளைப் பத்தின நோட்டா?" என்றான். நாலு டேபிள் ஓடிக்கொண்டிருந்தது. "ரெண்டும் ஒண்ணுதான்டா" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைப் பார்த்தேன்.

முதல் இரண்டு வரிகளுக்கு நான் விலை கொடுத்திருக்கிறேன். ஃப்ளாப்பில், அதாவது பொதுவாகத் திறக்கும் முதல் மூன்று சீட்டில், ராஜா, எட்டு, மூன்று. கையில் ஒன்றும் சேராமலே மூன்று சுற்றும் பந்தயம் கட்டினேன். கடைசியில் பாட் அளவுக்கே, நடுவில் சேர்ந்திருந்த மொத்தப் பணத்தின் அளவுக்கே, போட்டேன். அவர் வெறும் எட்டு ஜோடியை வைத்துக்கொண்டு கால் செய்தார், அதே தொகையைப் போட்டுச் சமன் செய்தார். இதை எந்தப் புள்ளிவிவரமும் எனக்கு முன்கூட்டிச் சொல்லியிருக்காது. விபிஐபி, அதாவது ஒருவர் எத்தனை சதவீதக் கைகளில் தானாகப் பணம் போட்டு ஆடுகிறார் என்ற கணக்கு, ஓரளவு நம்பும்படி வரவே சில நூறு கைகள் வேண்டும். ரிவரில் எத்தனை தரம் மடக்குகிறார் என்பதற்கு ஆயிரக்கணக்கில் வேண்டும். ஜிஜிபோக்கர் மாதிரி வெளி ஹட் (எதிராளியின் புள்ளிவிவரத்தைத் திரையில் காட்டும் மென்பொருள்) கூடாது என்ற தளங்களில் நிறமும் நோட்டும்தான் கதி. ஷோடவுனில், கடைசியில் சீட்டைத் திறந்து காட்டும்போது, பார்த்ததை எழுதி வைக்காதவன் அதே பாடத்துக்கு இரண்டு முறை பணம் கட்டுவான்.

நிறங்களில் எங்கள் கணக்கு சிக்னல் மாதிரியேதான். சிவப்பு என்றால் நல்ல ரெகுலர், தொடர்ந்து ஆடும் தேர்ந்த ஆள், ஒதுங்கு. பச்சை என்றால் போய் உட்கார், அதுவும் அவருக்கு இடப்பக்கம், அப்போதுதான் அவர் என்ன செய்கிறார் என்று பார்த்துவிட்டு நாம் ஆடலாம்.

கடைசி இரண்டு வரிகள்தான் தம்பி கேட்டது. நான் யாரையும் துருவிப் பார்க்கவில்லை. 'சம்பளம் வந்தாச்சு' என்று அவரேதான் சாட்டில் போட்டார். தோற்றவுடன் அவர் ஆடும் கைகள் இரண்டு மடங்காகும், அதுவும் ஆட்டம்தானே? டில்ட்டை, தோற்ற ஆத்திரத்தில் நிதானம் இழந்து ஆடுவதை, குறித்து வைக்காத போக்கர் பயிற்சியாளர் உண்டா? மளிகைக் கடை அண்ணாச்சிக்குக்கூட யார் வீட்டில் எப்போது சம்பளம் என்று தெரியும். ஆனால் அண்ணாச்சி காசுக்கு அரிசி கொடுக்கிறார்.

நான் சிவப்பு போட்டு வைத்தவர்கள் என்னைப் பற்றியும் எழுதியிருப்பார்கள். அதில் எனக்கு வருத்தமில்லை, அது தெரிந்துதான் உட்கார்ந்தோம். பச்சை ஆளுக்கு நோட் என்று ஒரு வசதி இருப்பதே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். தெரிந்தாலும் எழுதியிருக்க மாட்டார், அவர் பொழுதுபோக்க வந்தவர்.

2025 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் இரவு 12 முதல் காலை 5 மணி வரை பண ஆட்டம் கூடாது என்று விதி வந்தபோது குழுவில் எல்லோரும் திட்டினோம், நானும்தான். நல்ல டேபிள்கள் சூடுபிடிப்பதே அந்த நேரத்தில்தான். தோற்றால் எழாத ஆளை எழுப்பிவிடத்தான் அந்த விதி. அப்படி ஒருவர் இருக்கிறார் என்று அரசுக்கு முன்பே நான் எழுதி வைத்திருந்தேன், வேறு உபயோகத்துக்கு. அந்த ஆகஸ்டில் மத்தியச் சட்டமே வந்து இங்கே பண டேபிள்கள் மூடின. குழுவும் கலைந்தது. தம்பியிடம் அதற்குப் பிறகு இதைப் பற்றிப் பேசவில்லை. அவன் மறந்திருப்பான்.

சில நாள் தோன்றும், அந்த இரண்டு வரிகளை மட்டும் எழுதாமல் இருந்திருக்கலாம் என்று. எழுதாவிட்டால் என்ன, பச்சை போட்டிருக்க மாட்டேனா? போட்டிருப்பேன். விபிஐபி 50ஐத் தாண்டினால் பச்சைதான். முதல் தேதி ராத்திரி அவர் இடப்பக்க சீட் காலியாகிறதா என்று லாபியில், டேபிள் பட்டியலில், பார்த்துக்கொண்டும் இருந்திருப்பேன், அதற்கு நோட் தேவையில்லை.